இந்த மீன் எங்கே பிடிச்சது?

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே மீன் சந்தையைச் சுற்றியவை. வாங்குகிறவர், விற்கிறவர், பிடிக்கிறவர் என்று மூன்று தரப்பும் எழுதியிருக்கிறார்கள்.

செவுள் சிவப்பா இருக்கா, கண்ணு தெளிவா இருக்கா, அமுக்கினா குழி விழாம இருக்கான்னு பார்த்துதான் மீன் வாங்குறேன். இதுக்கு மேல என்ன பார்க்கணும்?
– இல்லத்தரசி, திருச்சி

நீங்கள் பார்ப்பதெல்லாம் மீன் எப்போது செத்தது என்று சொல்லும். எப்படிப் பிடிபட்டது என்று சொல்லாது. அதற்குப் பார்த்தால் போதாது, வாய் திறந்து கேட்க வேண்டும். இது என்ன மீன், எந்தக் கரையில் இறங்கியது, என்றைக்குப் பிடித்தது, எந்த வலை அல்லது தூண்டில், கடல் மீனா வளர்ப்பு மீனா? ஐந்தே கேள்விகள். விற்கிற அம்மாவுக்குச் சிலது தெரியும், சிலது தெரியாது. தெரியாமல் போனால் அது அவர் குற்றமில்லை. ஏலத்தில் கூடை கைமாறும்போது அந்தச் செய்தியை அவரிடம் யாரும் கொடுப்பதில்லை.

மீனுக்கெல்லாம் இவ்வளவு விவரம் கேட்பது அதிகமில்லையா? வண்டிக்கு ஆர்.சி. புக் கேட்பது மாதிரி இருக்கிறதே!
– மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்

கேட்கிறார்கள், நாமும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கடலில் பிடித்த மீனை அனுப்ப 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். எந்தப் படகு, எந்த மீன், எந்தக் கடல் பகுதி, எவ்வளவு எடை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நம் நாட்டில் கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் அதைச் சரிபார்த்துத் தருகிறது. அங்கே கடையில் மீனை வைக்கும்போது வணிகப் பெயர், அறிவியல் பெயர், பிடித்ததா வளர்த்ததா, எந்தக் கடல், எந்த வகை வலை, முன்பு உறைய வைத்ததா என்று வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். 2014 டிசம்பரிலிருந்து இது அங்கே சட்டம்.

ஆக, தூத்துக்குடியில் கப்பலேறும் கணவாயைப் பற்றி ஐரோப்பாவில் வாங்குபவருக்குத் தெரிவது, தூத்துக்குடிச் சந்தையில் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. கடல் இங்கே, படகு இங்கே, பிடித்தவரும் இங்கே. செய்தி மட்டும் வெளிநாட்டுக்கா? கேட்பது அதிகமில்லை. இத்தனை நாள் கேட்காமல் இருந்ததுதான் அதிகம்.

உள்ளங்கை அளவு சிங்கி இறாலை ஓட்டலில் தட்டில் வைக்கிறார்கள். சின்னதைப் பிடிக்கத் தடை இல்லையா?
– ஆசிரியர், கும்பகோணம்

ஏற்றுமதிக்கு உண்டு. 2003-ல் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச எடைப்படி, வகையைப் பொறுத்து 200, 300, 500 கிராமுக்குக் குறைந்த சிங்கி இறாலை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த அறிவிப்பு ஏற்றுமதிக்கு மட்டுமானது. கப்பலில் ஏறத் தகுதியில்லாத குட்டி, உள்ளூர்த் தட்டுக்கும் தகுதியில்லாததுதான். அடுத்த முறை தட்டைத் திருப்பி அனுப்பி, ஏன் என்று காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

நம்ம கடலில் என்ன மீன் எவ்வளவு கிடைக்கிறது என்று யாராவது எண்ணுகிறார்களா?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

எண்ணுகிறார்கள், பல பத்தாண்டுகளாக. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது. தலைமையகம் முன்பு நம் மண்டபத்தில்தான் இருந்தது. 1971-ல் கொச்சிக்குப் போனது. அதன் பணியாளர்கள் நாடு முழுக்க மீன் இறங்குதளங்களுக்குப் போய், எந்தப் படகு, எந்த வலை, எந்த மீன், எவ்வளவு என்று மாதிரிக் கணக்கெடுத்து, மொத்தப் பிடிப்பை மதிப்பிடுகிறார்கள்.

அந்தக் கணக்கின் அருமைக்கு மத்தி ஒன்றே சாட்சி. கேரளத்தில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் கிடைத்தது 3,297 டன். கடல் சூழல் மாறியதும், குஞ்சுகளை அள்ளியதும் காரணமாகப் பேசப்பட்டன. பிறகு மத்தி திரும்பவும் கூடியது. யாரும் எண்ணாமல் இருந்திருந்தால் இத்தனையும் ‘இந்த வருஷம் மத்தி கம்மி’ என்ற டீக்கடைப் பேச்சோடு போயிருக்கும்.

குறை எங்கே என்றால், அந்தக் கணக்கு ஆண்டுக்கொரு முறை, ஆங்கிலத்தில், லட்சம் டன்களில், அறிஞர்களுக்காக வருகிறது. வாங்குகிறவர் கேட்பதோ ‘இந்த மாசம், எங்க ஊர்ல, எந்த மீன் வாங்கலாம்?’ என்பது. அதே கணக்கிலிருந்து இந்தக் கேள்விக்கும் பதில் எடுக்கலாம். எடுத்து, தமிழில் எழுதி, சந்தையில் ஒட்ட வேண்டும். அந்தக் கடைசிப் படியைத்தான் யாரும் ஏறவில்லை.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 91 சதவீத மீன் வளம் நலமாக இருக்கிறது என்று சொன்னதாகப் படித்தேன். பிறகு எதற்குக் கவலை?
– ஓய்வுபெற்ற பொறியாளர், சேலம்

சரியாகப் படித்திருக்கிறீர்கள். 2022-ல் மதிப்பிட்ட 135 மீன் இருப்புகளில் 91.1 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாக அந்த நிலையத்தின் அறிக்கை சொன்னது. மகிழ்ச்சியோடு ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய செய்தி. கூடவே இதையும் சொல்ல வேண்டும். உலக அளவில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படும் மீன் இருப்புகள் 1974-ல் 10 சதவீதம், 2021-ல் 37.7 சதவீதம் என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு. மற்ற கடல்கள் வழுக்கிய சரிவில் நாம் இன்னும் வழுக்கவில்லை. கடலில் மீன் இருக்கும்போதுதான் தகவலால் பயன். தீர்ந்த பிறகு அது வெறும் வரலாறு. அப்புறம், மீதமுள்ள 9 சதவீதத்தில் உங்கள் ஊர்க் கூடைக்கு வரும் மீன் எது? அந்தப் பெயர்தான் உங்களுக்கு வேண்டும்.

தடைக்காலத்திலும் கோவையில் மீனுக்குப் பஞ்சமில்லையே, எங்கிருந்து வருகிறது?
– வங்கி ஊழியர், கோவை

நாள்காட்டியைப் பாருங்கள், பாதி விடை கிடைக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. தமிழ்நாட்டில் முன்பு 45 நாளாக இருந்தது 2017-ல் 61 ஆனது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போகலாம். எனவே மே மாதம் உங்கள் ஊருக்கு மேற்குக் கரை மீனும், ஜூலையில் கிழக்குக் கரை மீனும் வர வழியிருக்கிறது. ஜூன் 1 முதல் 14 வரை இரு கரையிலும் பெரும்பாலான விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அந்த இரண்டு வாரத்தில் மலைபோல் குவித்து ‘காலையில வந்தது’ என்று யாராவது சொன்னால், நாட்டுப்படகு மீனா, ஐஸ் அறையில் இருந்ததா என்று கேளுங்கள். எதுவாக இருந்தாலும் வாங்கலாம். ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

தடைக்காலத்தில் மீன் சாப்பிடுவது தப்பா?
– தாதி, வேலூர்

இல்லை. நாட்டுப்படகுக்காரர் நாலு காசு கூடுதலாகப் பார்க்கும் காலம் அது. அவர் மீனைத் தேடி வாங்குங்கள். தப்பு எது என்றால், தடையை மீறிப் போன விசைப்படகின் மீனை அறிந்தே வாங்குவது.

அமெரிக்காவில் என் மகள் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டியல் பார்த்து மீன் வாங்குகிறாள். அதை அப்படியே நாமும் பயன்படுத்தலாமா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், மயிலாடுதுறை

அது கலிபோர்னியாவின் மான்டரே பே அக்வேரியம் 1999-ல் தொடங்கிய ‘சீஃபுட் வாட்ச்’. சட்டைப்பையில் வைக்கும் அட்டையாக அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். பொதுமக்கள் கையில் கடல் அறிவியலைக் கொண்டுபோய்ச் சேர்த்த நல்ல முயற்சி. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த எண்ணத்தைத்தான், பட்டியலை அல்ல. அவர்கள் சந்தையும் மீனும் வேறு. நம் கடலில் ஒரு மடியை இழுத்தால் பத்து இருபது வகை மீன் சேர்ந்து ஏறும். இங்கே மீன் பெயரை மட்டும் வைத்து நிறம் பூச முடியாது. எந்த மாதம், எந்த வலை, எந்த அளவு என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலும் தொடங்கியிருக்கிறார்கள். ‘நோ யுவர் ஃபிஷ்’ குழு மேற்குக் கரைக்கு மாதவாரி மீன் நாள்காட்டி தந்தது. கடல் ஆய்வாளர் திவ்யா கர்னாட் தொடங்கிய ‘இன்சீசன் ஃபிஷ்’, பருவத்துக்கேற்ற மீனைச் சாப்பிடச் சொல்கிறது. இரண்டுமே நல்ல வேலை. ஆனால் தன்னார்வக் குழுக்கள் எத்தனை சந்தையை எட்ட முடியும்? இதை அரசு செய்ய வேண்டும். தமிழில் செய்ய வேண்டும்.

நீல முத்திரை குத்திய மீன் பாக்கெட் பார்த்தேன். நம் நாட்டு மீனுக்கு அது கிடைத்திருக்கிறதா?
– ஆய்வு மாணவர், சென்னை

கிடைத்திருக்கிறது. 1997-ல் தொடங்கப்பட்ட கடல்வளப் பொறுப்புரிமை மன்றத்தின் முத்திரை அது. இந்தியாவில் முதலில் பெற்றது எந்தப் பெரிய கப்பலும் இல்லை. கொல்லம் அஷ்டமுடிக் காயலில் முங்கி மட்டி எடுக்கும் எளிய மனிதர்கள் 2014-ல் வாங்கினார்கள்.

1990-களின் தொடக்கத்தில் ஏற்றுமதி வெறியில் அங்கே மட்டி சரசரவென்று குறைந்தது. பிறகு விழித்துக்கொண்டார்கள். இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை. சின்னது தப்பும்படி வலைக்கண்ணைப் பெரிதாக்கினார்கள். ஒரு கிலோ மட்டிக்கறியில் 1,400-க்கு மேல் எண்ணிக்கை இருந்தால், அதாவது அவ்வளவு பொடியாக இருந்தால், ஏற்றுமதி இல்லை என்று வைத்தார்கள். மட்டி திரும்பி வந்தது. முத்திரை அதற்குப் பின்னால் வந்தது. எனக்கு முத்திரையைவிட அந்த மூன்று கட்டுப்பாடுகள் பெரிதாகத் தெரிகின்றன. சான்றிதழ் வாங்கச் செலவு அதிகம். எல்லாக் குப்பத்தாலும் முடியாது. கட்டுப்பாடு வைத்துக்கொள்ள எல்லா ஊராலும் முடியும்.

விருந்தாளி வந்தால் வஞ்சிரம் வாங்காமல் முடியுமா?
– இல்லத்தரசி, மதுரை

வாங்குங்கள், பெரிய மீனில் துண்டு போட்டு வாங்குங்கள். வஞ்சிரம் சுமார் 70 செ.மீ. வளர்ந்த பிறகுதான் முதல் முறை சினை பிடிக்கும். அப்போது எடை இரண்டு கிலோவைத் தாண்டியிருக்கும். ‘குடும்பத்துக்கு ஏத்த மாதிரி ஒரு கிலோ முழு மீன்’ என்று கொடுத்தால், அது இன்னும் ஒரு முறைகூடக் குஞ்சு பொரிக்காதது. வாரா வாரம் வஞ்சிரமே வேண்டும் என்ற பிடிவாதத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள். சூரை, பாறை, கானாங்கெளுத்தி, காரப்பொடி, கோலா என்று நம் கரையில் எத்தனை ருசி! எல்லாரும் ஒரே மீனைக் கேட்டால் எல்லா வலையும் அதைத் துரத்தும்.

சின்னச் சின்னச் சங்கரா, பொடி மத்தி எல்லாம் கூறு கட்டி மலிவா விக்கிறாங்க. வாங்கலாமா?
– கட்டடத் தொழிலாளி, திருநெல்வேலி

கேரளத்தில் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 2015-ல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு அறிவித்தார்கள். பிறகு 58 வகையாக விரித்தார்கள். மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ., நாம் சங்கரா என்கிற கிளிமீன் 12 செ.மீ. அதற்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு வந்த பிறகு கிளிமீன் பிடிப்பு 41 சதவீதம் கூடியதாகக் கடல் மீன்வள நிலையம் கணக்குக் காட்டியது. விட்ட குஞ்சு வளர்ந்து அதே மீனவருக்குக் காசாகத் திரும்பி வந்தது.

கையில் காசு குறைவாக இருக்கும்போது கூறு மீன்தான் வாங்க முடியும். அதில் வெட்கமும் இல்லை, குற்றமும் இல்லை. அதே காசுக்கு நெத்திலி கிடைத்தால் அதை எடுங்கள். நெத்திலியைக் குஞ்சு என்று ஒதுக்க வேண்டாம். அது வளர்ந்ததே அவ்வளவுதான்.

சினை நண்டுதான் ருசி என்கிறார் என் கணவர். நான் வேண்டாம் என்கிறேன். யார் பக்கம் நீங்கள்?
– தையல் கலைஞர், காரைக்கால்

உங்கள் பக்கம். வயிற்றுக்கு வெளியே முட்டைக் கொத்தோடு இருக்கும் ஒரு கடல் நண்டிடம் பல லட்சம் முட்டைகள் இருக்கும். பொரிப்பதில் மிகச் சிலதான் நண்டாக வளரும் என்றாலும், அந்தச் சிலதான் அடுத்த பருவத்தின் பாடு. வலையில் சிக்கிய சினை நண்டை உயிரோடு கடலில் விடும் மீனவர்கள் இருக்கிறார்கள். வாங்க ஆள் இல்லை என்றால் விடுகிறவர்கள் இன்னும் கூடுவார்கள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுப்பது வழக்கம். அதையும் நிறுத்தச் சொல்வீர்களா?
– பாட்டி, கன்னியாகுமரி

உங்கள் அக்கறையை நிறுத்தச் சொல்லவில்லை பாட்டி, மீனை மாற்றச் சொல்கிறேன். சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வது. அதன் உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். அதே பட்டியலில் நல்ல தேர்வு என்று மத்தியும் நெத்திலியும் இருக்கின்றன. பேத்திக்கு, உங்கள் ஊரில் சாளை என்கிற மத்தியில் புட்டு செய்து கொடுங்கள்.

கடல் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே முடிவுதான். மற்ற மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். சுறாக்களில் பெரும்பாலானவை மெல்ல வளர்ந்து சில குட்டிகளே போடும். திமிங்கிலச் சுறாவையும் வேளா மீனையும் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

சூப்பர் மார்க்கெட் இறால் கடலில் பிடித்ததா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

ஒரே அளவில், வருஷம் முழுக்கக் கிடைத்தால் பெரும்பாலும் வனாமி. அமெரிக்கக் கண்டங்களின் பசிபிக் கரையோர இறால் அது. 2009-ல் இங்கே பண்ணைகளில் வளர்க்க அனுமதித்தார்கள். வளர்ப்பு இறால் என்றால் பண்ணை பதிவு பெற்றதா என்று கேட்க வேண்டும். அந்தப் பதிவைக் கவனிக்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. கடல் இறால் என்றால் கேள்வி வேறு: எந்த மடி? 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம். இழுவை மடியில் ஆமை தப்ப வழி வைக்காததைக் காரணம் காட்டி 2019 முதல் நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. அந்த வழி கொச்சி மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் வடிவமைத்துத் தந்த ஒன்று. வலையில் பொருத்த வேண்டியதுதான் பாக்கி.

ஃபார்மலின் பயத்தில் மீனையே விட்டுவிட்டோம். சோதிக்க வழி உண்டா?
– குடும்பத் தலைவர், நாமக்கல்

உண்டு. அதே கொச்சி மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் ஃபார்மலினையும் அம்மோனியாவையும் சில நிமிடங்களில் காட்டும் காகிதப் பட்டையை 2018-ல் வெளியிட்டது. உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் உங்கள் சந்தையில் சோதிக்கச் சொல்லி மனு கொடுங்கள். என்றைக்குப் பிடித்த மீன் என்பது எழுதித் தெரிந்தால் இந்தப் பயத்தில் பாதி தானாகப் போய்விடும். ரசாயனம் பழைய மீனைப் புதிய மீனாகக் காட்டத்தானே?

சுருக்குமடி வலைச் சண்டை ஒன்றும் புரியவில்லை. வாங்குகிற எனக்கு அதில் என்ன?
– வழக்கறிஞர், கடலூர்

கூட்டமாக நீந்தும் மீனைச் சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கி, மொத்தமாக அள்ளும் வலை அது. தமிழ்நாடு 2000-ல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனைகளோடு அனுமதித்தது. வலையைப் பற்றிய வழக்கு டெல்லி வரைக்கும் போனது. மீன் எந்த வலையில் வந்தது என்ற செய்தி மட்டும் பக்கத்துச் சந்தை வரைக்கும் வரவில்லை. உங்களுக்கு அதில் என்ன என்றால், அதுதான்.

நான் மீனே சாப்பிடுவதில்லை, கோழி மட்டும்தான். இந்தப் பக்கத்தை நான் தாண்டிப் போகலாமா?
– கணக்காளர், தர்மபுரி

நில்லுங்கள். இழுவைப் படகில் இறாலோடும் பெரிய மீனோடும் ஏறும் பொடி மீன், குஞ்சு மீனெல்லாம் கழிவு மீனாகக் காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனத்துக்கும் போகிறது. சோழமண்டலக் கரை இழுவைப் படகுகளைப் பற்றி 2010-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது இதுதான்: நல்ல மீன் குறைந்து தொழில் நட்டமாகும்போது படகு தானாக நின்றிருக்கும், கழிவு மீனுக்கு விலை கிடைப்பதால் நிற்காமல் ஓடுகிறது. கடல் பக்கமே போகாதவர் தட்டிலும் கடல் இருக்கிறது.

தலைமுறை தலைமுறையா கடல்ல போறோம். எந்த மீனை எப்பப் பிடிக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா? ஏசி ரூம்ல உட்கார்ந்து நீங்க சொல்லணுமா?
– நாட்டுப்படகு மீனவர், நாகப்பட்டினம்

உங்களுக்குத் தெரியும் ஐயா. தெரிந்ததை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை என்பதுதான் என் வருத்தம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் உலகத்துக்கே போனது. ‘மீன் சிறுத்துக்கொண்டே வருகிறது, ஏதோ சரியில்லை’ என்று 1980-களிலேயே கரையோர மீனவர்கள் எச்சரித்தார்கள். ஆழ்கடல் இழுவைக் கப்பல்கள் கொண்டுவந்த பெரும் பிடிப்பை வைத்து, மீன் நிறைய இருப்பதாக அரசுக் கணக்கு சொன்னது. 1992 ஜூலையில் கடலை மூடினார்கள். ஏறத்தாழ 30,000 பேருக்கு ஒரே நாளில் தொழில் போனது. அந்தத் தடையை முறைப்படி விலக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் பக்கமும் பாருங்கள். கேரளத்தில் 1988-ல் மழைக்கால இழுவைத் தடை வந்தது மீனவர் போராட்டத்தால். 1983-ன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பின்னாலும் கட்டுமரத்துக்கும் விசைப்படகுக்கும் நடந்த மோதல்கள் இருக்கின்றன. கடலைக் காக்கும் விதிகளை முதலில் கேட்டவர்கள் நீங்கள். சந்தையில் பலகை வைத்து எழுத வேண்டிய தகவலையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மீன் எங்கே கிடைக்கும் என்று மீனவர்களுக்குச் செயற்கைக்கோள் சொல்கிறதாமே?
– பள்ளி மாணவி, புதுச்சேரி

ஆமாம் கண்ணு. ஐதராபாத்தில் உள்ள தேசியக் கடல் தகவல் சேவை மையம் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோளால் பார்த்து, மீன் கூடும் இடங்களைக் கணித்துச் சொல்கிறது. அது மொபைலுக்கே வந்துவிடுகிறது. மீனைப் பிடிக்கும் இடத்துக்கு வானத்திலிருந்து தகவல் வருகிற நாட்டில், மீனை வாங்கும் இடத்துக்குச் சுவரில் ஒரு பலகை வருவது கஷ்டமே இல்லை.

ஒரே மீன் எங்கள் ஊரில் அயிலை, சென்னையில் காணாங்கத்தை, ராமநாதபுரத்தில் கும்பளா. பட்டியல் போட்டால் யாருக்குப் புரியும்?
– மருந்தாளுநர், நாகர்கோவில்

எல்லாப் பெயரையும் எழுதி, பக்கத்தில் படத்தையும் போட்டால் எல்லாருக்கும் புரியும். ‘ஃபிஷ்பேஸ்’ என்ற உலக மீன் தரவுத்தளம் 35,000 வகைக்கு மேல் மீன்களின் படம், அளவு, பல மொழிப் பெயர்கள் என எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உலகத்துக்கே முடிந்தது பதினான்கு கடலோர மாவட்டங்களுக்கு முடியாதா?

சொல்வதெல்லாம் சரி. பலகை வை என்று அரசைக் கட்டாயப்படுத்த ஏதாவது சட்டம் இருக்கிறதா?
– சமூக ஆர்வலர், விழுப்புரம்

இருக்கிறது, கையில் இருபது வருஷமாக. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 என்றால் மனுப் போட்டுக் கேட்பது என்றே நினைக்கிறோம். அதன் 4-வது பிரிவைப் படியுங்கள். பொது அதிகார அமைப்புகள், மக்கள் கேட்கும் முன்பே, தாமாகத் தகவலை வெளியிட வேண்டும். உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. வெளியிடும் வழிகளில் அறிவிப்புப் பலகையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கணக்கு அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. துறைமுகமும் பல சந்தைகளும் அரசு, உள்ளாட்சிப் பொறுப்பில் இருக்கின்றன. உங்கள் நகராட்சிக்கும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் இந்தப் பிரிவைக் காட்டி எழுதுங்கள். ஏலக்கூடத்தில் ஒரு பலகை, சந்தை வாசலில் ஒரு பலகை. மீன் பெயர், இறங்கிய ஊர், நாள், வலை, இந்த மாதம் தவிர்க்க வேண்டிய மீன்கள், சின்ன மீனுக்கான அளவு. அவ்வளவுதான் கோரிக்கை.

நான் தலைச்சுமையா மீன் விக்கிறவ. நீங்க பலகை வெச்சா, அதைப் பார்த்துட்டு ஜனங்க என்கிட்ட வாங்காமப் போயிட்டா என் பொழப்பு என்னாகும்?
– மீன் விற்கும் பெண், பழவேற்காடு

அம்மா, இத்தனை கேள்வியிலும் முக்கியமான கேள்வி உங்களுடையது. பலகை உங்கள் கூடைக்கு எதிராக இருந்தால் அது எனக்கும் வேண்டாம்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். நாட்டுப்படகு விடியலில் கொண்டுவந்த மீன் உங்கள் கூடையில். பல நாள் ஐஸில் கிடந்து வந்த மீன் பெரிய கடையில். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாததால் பேரம் உங்களிடம்தான் நடக்கிறது. எந்த ஊர், எந்த நாள், எந்த வலை என்று எழுதிய அன்றைக்கு உங்கள் மீனுக்கு உரிய விலையை நீங்கள் நிமிர்ந்து கேட்கலாம். அதனால்தான் எழுதும் பொறுப்பு உங்கள் தலையில் ஏறக் கூடாது என்கிறேன். ஏலத்திலேயே அரசு எழுதிச் சீட்டாகக் கொடுக்க வேண்டும்; கூடையோடு சீட்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். பலகையில் என்ன எழுதுவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு முன்வரிசையில் இடம் வேண்டும்.

வாசகர்களே, நாளைக்குச் சந்தைக்குப் போனால் பேரம் பேசுவதற்கு முன் ‘இந்த மீன் எங்கே பிடிச்சதும்மா?’ என்று கேளுங்கள். ‘இன்னிக்குக் காலையில எங்க படகுல வந்தது’ என்று பதில் வந்தால், பேரம் பேசாமல் வாங்குங்கள்.